வெர்மான்ட் சிற்றூர் அரசியல்: டவுன் மீட்டிங்கும் ஓட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கில் கனடா எல்லையை ஒட்டியிருக்கும் மாநிலம் வெர்மான்ட். மொத்த மக்கள்தொகை சுமார் 6.4 லட்சம்தான். அதுவும் ஆயிரம், இரண்டாயிரம் பேர் வாழும் நூற்றுக்கணக்கான சிறு டவுன்களாகப் பிரிந்து கிடக்கிறது. அங்கே ஊர் அரசியல் எப்படி நடக்கிறது, மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இங்கே. சட்ட விவரங்கள் வெர்மான்டுக்கு உரியவை. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் வரும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு டவுனுக்கு அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

நிறையவே. தெற்கு, மேற்கு மாநிலங்களில் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை இங்கே டவுன்தான் செய்கிறது. சாலை, சொத்து மதிப்பீடு, வரி வசூல், நிலப் பத்திரப் பதிவு, வாக்காளர் பட்டியல், தேர்தல் எல்லாம் டவுன் கையில். கவுன்டி என்பது ஏறக்குறைய நீதிமன்றமும் ஷெரிஃபும் மட்டுமே.

ஊர் நிர்வாகம் 'செலக்ட்போர்டு' எனப்படும் 3 அல்லது 5 பேர் குழுவிடம் இருக்கிறது. டவுன் கிளார்க், பொருளாளர், சொத்து மதிப்பிடும் 'லிஸ்டர்'கள் ஆகியோரைப் பல டவுன்களில் இன்றும் தேர்ந்தெடுக்கிறார்கள். சில ஊர்கள் இவர்களை நியமனத்துக்கு மாற்றிவிட்டன. வேலித் தகராறு பார்க்க மூன்று 'ஃபென்ஸ் வியூயர்'களை செலக்ட்போர்டு நியமிக்கும் பழைய வழக்கமும் போகவில்லை. அவர்களைக் கூப்பிடும் தேவை எப்போதாவதுதான் வரும்.

டவுன் மீட்டிங் எப்போது? யார் போகலாம்?

டவுன் மீட்டிங் என்பது ஊர் வாக்காளர்கள் நேரில் கூடிப் பட்ஜெட்டையும் மற்ற ஊர் விஷயங்களையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் ஆண்டுக் கூட்டம். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். மாநில விடுமுறை நாள். வேலைநாளில் மக்கள் வர முடியாது என்று நினைக்கும் ஊர்கள் அதற்கு முந்தைய சனி, ஞாயிறு, திங்கள் மூன்றில் ஒரு நாளில் கூட்டத்தைத் தொடங்கலாம். சனிக்கிழமை காலையும் திங்கள் மாலையும் இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. ஏழு நாள் முன்கூட்டிச் சொன்னால், கூட்டத்துக்குப் போக சம்பளமில்லா விடுப்பு கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அவர் இல்லாமல் வேலையே நின்றுவிடும் என்ற நிலை இருந்தால் மட்டும் விலக்கு.

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஓட்டு மட்டும் அந்த டவுனின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். மற்றவர்கள் பேச வேண்டுமென்றால் கூட்டத்தின் அனுமதி வேண்டும். வார இறுதி வீடு வைத்திருக்கும் நியூயார்க்காரர் அதிக வரி கட்டலாம், ஆனால் ஓட்டு அவர் நிரந்தரமாக வாழும் ஊரில்தான். இந்த ஒரு விஷயம் பல மலையூர்களில் தீராத முணுமுணுப்பு.

கூட்டம் உண்மையில் எப்படி நடக்கிறது?

பள்ளிக்கூட ஜிம்மிலோ டவுன் ஹாலிலோ மடக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். வாசலில் பட்டியலில் பெயரை டிக் செய்துவிட்டுப் பல ஊர்களில் ஒரு வண்ண அட்டை தருவார்கள். கை தூக்கும் ஓட்டில் அந்த அட்டையைத் தூக்க வேண்டும். கையில் 'டவுன் ரிப்போர்ட்' என்ற ஊரின் ஆண்டறிக்கைப் புத்தகம் இருக்கும். சட்டப்படி பத்து நாள் முன்பே மக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது. பல ஊர்களின் ரிப்போர்ட்டில் வரி பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் அச்சாகும். முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான் என்பது ஊரறிந்த ரகசியம்.

முதல் வேலை, அன்றைய கூட்டத்தை நடத்த 'மாடரேட்டர்' ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. பிறகு ஓட்டுக்கு வரும் விஷயங்களை, அதாவது 'ஆர்ட்டிகிள்'களை, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் விவாதம். பேசுபவர் எதிராளியைப் பார்த்தல்ல, மாடரேட்டரைப் பார்த்தே பேச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஏற்கெனவே மனஸ்தாபம் இருக்கும் ஊரில் இந்த விதிதான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. விவாதத்தை முடித்து ஓட்டுக்குப் போக 'கால் த க்வெஸ்சன்' என்று சொல்ல வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மதியம் சாப்பாடு. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கோ தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கோ நிதி திரட்டும் விருந்தாக இருக்கும்.

கடைசியில் வரும் 'இதர விஷயங்கள்' பகுதியில் எதையும் பேசலாம். ஆனால் ஊரைக் கட்டுப்படுத்தும் எந்த முடிவும் அங்கே எடுக்க முடியாது. "கடைசியில் எழுந்து சொல்லிக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

அப்படியென்றால் ஒரு விஷயத்தை ஓட்டுக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

'வார்னிங்' என்கிற அறிவிப்பில் அது ஏற வேண்டும். கூட்டத்துக்கு 40 நாளுக்கு மேல் போகாமல், 30 நாளுக்குக் குறையாமல் அந்த அறிவிப்பு கிளார்க் அலுவலகத்திலும் இன்னும் இரண்டு பொது இடங்களிலாவதும் ஒட்டப்பட வேண்டும். செலக்ட்போர்டே சேர்த்துக்கொண்டால் எளிது. மறுத்தால் வாக்காளர்களில் 5 விழுக்காட்டினரின் கையெழுத்தோடு மனுவைக் கூட்டத்துக்கு 47 நாள் முன்பாவது கிளார்க்கிடம் தர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மார்ச் முதல் வாரக் கூட்டத்துக்கு ஜனவரி நடுவிலேயே கெடு முடிந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து மெதுவாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவது இதனால்தான்.

900 வாக்காளர் இருக்கும் ஊரில் 45 கையெழுத்து போதும். ஆனால் 45 வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்து டவுனில் பதிவானவர், பதிவே செய்யாதவர், படிக்க முடியாத கையெழுத்து என்று சில கழிந்துவிடும். 60 வரை வாங்கி வைப்பது நல்லது. கையெழுத்துக்குப் பக்கத்தில் பெயரை அச்செழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: வாசகத்தை எழுதும்போது அது டவுனின் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். போர், பதவி நீக்கம், பருவநிலை பற்றிய தீர்மானங்கள் வெறும் கருத்துத் தெரிவிப்பாகவே நிற்கும். 1982-இல் அணு ஆயுத உற்பத்தியை நிறுத்தச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட வெர்மான்ட் டவுன்கள் ஓட்டுப் போட்டன. 2006-இல் நியூஃபேன் டவுன் அதிபர் புஷ்ஷைப் பதவி நீக்கம் செய்யச் சொன்னது. செய்தி உலகெங்கும் போனது, சட்ட விளைவு ஏதுமில்லை.

"ஆம்" என்றவர்கள் அதிகமா "இல்லை" என்றவர்களா என்று சந்தேகம் வந்தால்?

மாடரேட்டர் முடிவை அறிவித்ததுமே எழுந்து கேட்க வேண்டும். ஒரே ஒரு வாக்காளர் கேட்டாலும் ஆட்களைப் பிரித்து எண்ண வேண்டும். ஏழு பேர் கேட்டால் சீட்டில் எழுதி ஓட்டு. அடுத்த ஆர்ட்டிகிள் தொடங்கியபின் கேட்டுப் பயனில்லை. சம்பளம், பணிநீக்கம், அக்கம்பக்கத்தார் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அந்த ஏழு பேரை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது விவரமானவர்களின் பழக்கம். அட்டையைத் தூக்கும்போது யார் தூக்குகிறார் என்று ஊரே பார்க்கும், சீட்டில் அந்தச் சங்கடம் இல்லை.

ஊர் சண்டையில் பாதி சாலையைப் பற்றியே இருப்பது ஏன்?

டவுன் பட்ஜெட்டில் பெரிய செலவு சாலைதான். பல மைல்கள் ஜல்லிச் சாலை. மார்ச், ஏப்ரலில் மண்ணுக்குள் உறைந்த நீர் இளகும்போது சக்கரம் அச்சு வரை புதையும். அந்தச் சமயத்திலேயே டவுன் மீட்டிங்கும் வருவதால் கோபம் சூடாகவே கூட்டத்துக்குள் நுழைகிறது. 2011-இல் ஐரீன் புயல், 2023 ஜூலை வெள்ளம், 2024 ஜூலையில் மறுபடி வெள்ளம் என்று சாலையும் அதன் அடியில் நீர் போகும் குழாய்களும் அடித்துப் போனபின் இன்னும் அதிகம். மத்திய அரசின் பேரிடர் உதவி தாமதமாகத்தான் வரும், அதுவரை டவுன் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டும்.

புதிதாக வீடு வாங்குபவர்கள் கவனிக்க: '4-ஆம் வகுப்பு' சாலையைப் பராமரிக்கும் கட்டாயம் டவுனுக்கு இல்லை. பனி அள்ள யாரும் வர மாட்டார்கள். "வரி கட்டுகிறேனே" என்று கூட்டத்தில் எழுந்து கேட்பவர்களுக்குப் பழையவர்கள் தரும் பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான்.

பட்ஜெட்டில் 20,000 டாலர் கூட்டினால் என் வரி எவ்வளவு கூடும்?

கூட்டத்துக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு இது. எண்கள் உதாரணத்துக்கு. டவுன் செலவு 9 லட்சம் டாலர். மாநில சாலை நிதி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வரவு 2.5 லட்சம். வரியாகத் திரட்ட வேண்டியது 6.5 லட்சம். ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு, அதாவது 'கிராண்ட் லிஸ்ட்', 15 கோடி டாலர் என்றால் 100 டாலர் மதிப்புக்கு சுமார் 43.3 சென்ட் வரி. 2.5 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,083 டாலர்.

இதில் 20,000 டாலர் கூட்டினால் அதே வீட்டுக்கு 33 டாலர் சொச்சம் கூடும். "வரி எகிறும்" என்று ஒருவர் பேசும்போது இந்த 33 டாலரை எழுந்து சொல்பவர் பேச்சு எடுபடும். "சின்னத் தொகைதானே" என்று ஐந்து தொண்டு நிறுவனங்களுக்கு வரிசையாக ஒதுக்கும்போதும் இதே கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

டவுன் வரி கூடாவிட்டாலும் பில் எகிறுகிறதே?

அது பள்ளி வரி. டவுன் வரியைவிடப் பெரிது, சிக்கலும் அதிகம். 1997-இல் பிரிகாம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், பணக்கார ஊர்ப் பிள்ளைக்கும் ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் கல்வியில் சம வாய்ப்பு வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு 'ஆக்ட் 60' வந்தது. அப்போதிலிருந்து பள்ளி வரி மாநில நிதிக்குப் போய்த் திரும்பி வருகிறது. உங்கள் விகிதம் உங்கள் பள்ளி மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவைப் பொறுத்தது. அதன் மேல் இன்னொரு திருத்தம்: ஊரின் மதிப்பீடு சந்தை விலையைவிடக் கீழே கிடந்தால் அந்த விகிதத்தை ஏற்றிச் சரிசெய்வார்கள். 100 டாலருக்கு 1.50 டாலர் என்ற விகிதம், ஊரின் மதிப்பீடு சந்தை விலையில் 75 விழுக்காடுதான் என்றால், 2 டாலர் ஆகிவிடும். கோவிட் காலத்தில் வீட்டு விலை ஏறியதும் பல ஊர்களில் நடந்தது இதுதான். யாரும் செலவைக் கூட்டவில்லை, ஆனாலும் பில் கூடியது.

2024 மார்ச்சில் இந்த விலையேற்றம், ஊழியர் மருத்துவக் காப்பீட்டுச் செலவு, கோவிட் கால மத்திய நிதி தீர்ந்தது, மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிடும் புதிய சட்டத்தில் வந்த குழப்பம் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. மாநிலத்தின் பள்ளி பட்ஜெட்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோற்றது. பட்ஜெட் தோற்றால் திருத்தி மீண்டும் ஓட்டுக்கு விட வேண்டும். ஜூலை 1 வரை நிறைவேறாவிட்டால் முந்தைய ஆண்டு பட்ஜெட்டில் 87 விழுக்காடு வரை கடன் வாங்கி ஓட்டலாம்.

கோபம் அத்தோடு தீரவில்லை. அந்த நவம்பரில் ஆளுநரின் வீட்டோவைத் தள்ளும் பலத்தை ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தில் இழந்தது. அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் ஹாரிஸ் மாநிலத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு வாங்கிய அதே நாளில்தான் இது நடந்தது. கட்சி மாறியதாக இதைப் படிப்பது தவறு, வரி பில்லுக்கான எதிர்வினை என்று படிப்பதே பொருந்தும்.

சொத்து மதிப்பே தவறு என்றால்?

முதலில் லிஸ்டர்களிடம் முறையிட வேண்டும். அவர்கள் முடிவு வந்த 14 நாளுக்குள் 'போர்டு ஆஃப் சிவில் அத்தாரிட்டி'க்கு மேல்முறையீடு. செலக்ட்போர்டு, கிளார்க், ஊரில் தேர்ந்தெடுக்கப்படும் சிறு நீதிப் பதவியினரான 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்'கள் எல்லாரும் சேர்ந்தது அந்தக் குழு. மூன்று உறுப்பினர்கள் வீட்டை வந்து பார்ப்பார்கள். அனுமதிக்க மறுத்தால் மேல்முறையீட்டை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். "வரி அதிகம்" என்று வாதாடாதீர்கள், எடுபடாது. இதே போன்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதைக் கொண்டுபோங்கள்.

கூட்டத்துக்குப் போகாவிட்டால் என்ன கெட்டுவிடும்?

நியூ ஹாம்ப்ஷயரின் குரோய்டன் ஊர் நல்ல பதில். மக்கள் எண்ணூறு பேர் அளவு. 2022 மார்ச்சில் பள்ளிக் கூட்டத்தில் 17 லட்சம் டாலர் பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டும் திருத்தம் அரங்கிலிருந்து வந்தது. 20-க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. அங்கே இருந்தவர்கள் 34 பேர். வீட்டில் இருந்தவர்களின் பிள்ளைகள் அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பதே கேள்வியாகிவிட்டது.

திருத்துவதற்குச் சிறப்புக் கூட்டம் வேண்டும். அது செல்லுபடியாக வேண்டுமென்றால் பதிவான வாக்காளர்களில் பாதிப் பேராவது வர வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். தேவை 283. கட்சி வேறுபாடு பாராமல் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். வெட்டை ஆதரித்தவர்கள் வீட்டிலேயே இருந்தால் போதும், எண்ணிக்கை குறைந்து தீர்மானம் விழுந்துவிடும் என்று ஒரு தரப்பு கணக்குப் போட்டது. மே 7 அன்று 379 பேர் ஓட்டுப் போட்டார்கள். பட்ஜெட்டை மீட்க 377, எதிர்ப்பு 2.

வெர்மான்டில் ஒரு முடிவை மாற்ற முடியுமா?

30 நாளுக்குள் 5 விழுக்காட்டு வாக்காளர் கையெழுத்தோடு மனு தந்தால் மறு ஓட்டு உண்டு. பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது. முதல் கூட்டத்தில் வென்ற தரப்பு வாங்கிய ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியும் இருக்க வேண்டும். முதலில் 90 ஓட்டில் வென்றிருந்தால், மாற்றுவதற்கு 60-க்கு மேல் வேண்டும்.

'ஆஸ்திரேலியன் பாலட்' என்கிறார்களே?

அச்சிட்ட ஓட்டுச்சீட்டு, நாள் முழுக்கத் திறந்திருக்கும் வாக்குச்சாவடி, தபால் ஓட்டு. எந்த ஊர் எதற்கு இதைப் பயன்படுத்துவது என்பதை ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறது. பல ஊர்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க இது, பட்ஜெட்டுக்குக் கூட்டம் என்று கலந்திருக்கும். கோவிட்டின்போது 2021-இல் பல ஊர்கள் முழுக்க இதற்கு மாறின, எல்லா ஊர்களும் கூட்டத்துக்குத் திரும்பவில்லை.

ஷிப்ட் வேலைக்காரர், முதியவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் எல்லாரும் ஓட்டுப் போட முடிகிறது, எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது. ஆனால் சீட்டில் இருக்கும் தொகைக்கு ஆம் அல்லது இல்லை மட்டுமே. அரங்கில் எழுந்து "சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு 40,000 குறைப்போம்" என்று சொல்லும் வழி போய்விடுகிறது. தொகையை முடிவு செய்யும் அதிகாரம் குளிர்காலத்தில் யாரும் வராத செலக்ட்போர்டு கூட்டங்களுக்கு நகர்ந்துவிடுகிறது. அச்சுச் சீட்டு ஊரில் இருப்பவர் மார்ச்சில் அல்ல, டிசம்பர், ஜனவரி பட்ஜெட் கூட்டங்களில் போய் உட்கார வேண்டும்.

போட்டியிட என்ன வேண்டும்?

அரங்கில் தேர்ந்தெடுக்கும் ஊரில் ஒருவர் பெயர் சொன்னால் போதும். ஆனால் வெல்ல பாதிக்கு மேல் வேண்டும். மூன்று சுற்றிலும் யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டுத் தொடர்வார்கள். அச்சுச் சீட்டு ஊரில் 30 பேர் அல்லது வாக்காளரில் ஒரு விழுக்காடு, எது குறைவோ அத்தனை கையெழுத்தோடு, தேர்தலுக்கு முந்தைய ஆறாவது திங்கள் மாலை 5 மணிக்குள் மனு தர வேண்டும். சம்மதப் படிவத்தை மறந்துவிடாதீர்கள்.

சீட்டில் பெயரே இல்லாத பதவிகளும் இருக்கும். அங்கே பெயரை எழுதிப் போடும் ஓட்டில் வெல்ல அதே குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும். 900 வாக்காளர் ஊரில் 9 ஓட்டு.

இதில் கட்சி எங்கே வருகிறது?

ஊர்ப் பதவிகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. கட்சி ஒட்டும் உள்ளூர்ப் பதவி ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் மட்டும்தான். இரட்டைப்படை ஆண்டு நவம்பரில், ஆயிரம் பேருக்குக் கீழ் உள்ள ஊரில் ஐந்து பேர் வரை. ஓட்டு எண்ணுவதும் வரி மேல்முறையீடு கேட்பதும் இவர்கள் என்பதால் பெயரைவிட வேலை பெரியது.

வாக்காளராகப் பதியும்போதும் கட்சி கேட்கப்படுவதில்லை. கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் ('பிரைமரி') எந்தக் கட்சிச் சீட்டு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் குடியரசுக் கட்சி அதிபர் போட்டியில் நிக்கி ஹேலி டிரம்பை வென்ற ஒரே மாநிலம் வெர்மான்ட் ஆனதற்கு இது முக்கியக் காரணம்.

இடதுசாரி மாநிலம் என்கிறார்கள். ஆளுநர் குடியரசுக் கட்சிக்காரராக இருக்கிறாரே?

இதுதான் வெர்மான்ட் ஓட்டின் முடிச்சு. 2020-இல் பைடன் சுமார் 66 விழுக்காடு வாங்கினார், அதே சீட்டில் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட் சுமார் 68. ஸ்காட்டே பைடனுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். 2024-இல் ஸ்காட் 70-ஐத் தாண்டினார். அதே மாநிலம்தான் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸையும் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. வாஷிங்டனுக்கு ஒரு கை, வரிக்கு ஒரு கை என்று பிரித்துப் போடும் பழக்கம்.

பழங்காலத்தில் இது குடியரசுக் கட்சியின் கோட்டை. 1856 முதல் 1988 வரை அதிபர் தேர்தலில் 1964 ஒன்றைத் தவிர எப்போதும் அக்கட்சிக்கே. 1936-இல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த இரண்டே மாநிலங்களில் ஒன்று. 1965 வரை மாநிலச் சட்டமன்றக் கீழவையில் டவுனுக்கு ஓர் உறுப்பினர், சில டசன் பேர் வாழும் ஸ்ட்ராட்டனுக்கும் ஒன்று, பெருநகரான பர்லிங்டனுக்கும் ஒன்று. 246 பேர் சபை 150 ஆனபின்தான் மலையூர்களின் பிடி தளர்ந்தது. வெளியிலிருந்து குடியேறியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பழைய பிளவு போய்விடவில்லை: 2000-இல் ஒருபாலினத் தம்பதியருக்கான சட்டம் வந்தபோது களஞ்சியச் சுவர்களில் 'டேக் பேக் வெர்மான்ட்' பலகைகள் முளைத்தன, கீழவை கை மாறியது. வடகிழக்கு மூலையில் உள்ள எசெக்ஸ் கவுன்டி 2016-லும் 2020-லும் டிரம்புக்குப் போனது.

டிக்ஸ்வில் நாட்ச் இப்படிப்பட்ட ஊர்தானே?

இல்லை. அது நியூ ஹாம்ப்ஷயரில், நள்ளிரவில் முதலில் எண்ணி டிவியில் வரும் இடம். 2024-இல் ஆறு ஓட்டு, மூன்றுக்கு மூன்று. அதை வைத்து எந்தப் போக்கையும் கணிக்காதீர்கள்.

கிரீன் கார்டு, எச்-1பி-யில் இருப்பவர் ஓட்டுப் போடலாமா?

பொதுவாக இல்லை, குடியுரிமை வேண்டும். மான்ட்பீலியர், வினூஸ்கி, பின்னர் பர்லிங்டன் ஆகிய நகரங்கள் மட்டும் சட்டப்படி வாழும் வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் உரிமை தந்துள்ளன. அதற்குத் தனிப் பட்டியல். பொதுப் பட்டியலில் தவறுதலாகப் பெயர் ஏறிவிட்டால் உடனே கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்து நீக்குங்கள். அதிபர் தேர்தலில் ஒரு ஓட்டுப் போட்டாலும் குற்றம், நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம்.

குடிமக்களுக்கு எளிது. 2017 முதல் தேர்தல் நாளன்றே பதியலாம். நவம்பர் பொதுத்தேர்தலுக்குச் சீட்டு தபாலில் தானாகவே வரும். டவுன் மீட்டிங் சீட்டுக்கும் ஆகஸ்ட் முதற்கட்டத்துக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நவம்பரில் வந்ததே என்று மார்ச்சில் காத்திருப்பவர்களுக்கு எதுவும் வராது.

ஓர் ஊரின் ஓட்டுப் போக்கை எங்கே பார்ப்பது?

மாநிலச் செயலரின் அலுவலகம் டவுன் வாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. அதிபர், ஆளுநர், சட்டமன்றம் மூன்று வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிதான் அந்த ஊரின் குணம். 'வெற்று' என்று குறிக்கப்பட்ட எண்ணிக்கையையும் விடாதீர்கள், பிடிக்காத இருவருக்கும் போடாமல் விட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 400 ஓட்டு விழும் ஊரில் 8 ஓட்டு மாறினால் 2 விழுக்காடு. ஒரு தேர்தலை வைத்து எதுவும் சொல்லாமல் குறைந்தது மூன்று தேர்தலை ஒப்பிடுங்கள். மார்ச் முடிவுகள் அந்தத் தளத்தில் முழுதாக இருக்காது, டவுன் கிளார்க்கைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். சிறு ஊர்களில் அலுவலகம் வாரத்தில் சில நாள்தான் திறந்திருக்கும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு அழையுங்கள்.